கருத்தடையும் இரண்டு சபைகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் இருக்கிறேன். நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), கணவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கல்யாணம் எங்கள் கோயிலில்தான் நடந்தது. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். இரண்டாவது பிரசவத்திலேயே டாக்டர் ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இனி உண்டானால் ஆபத்து என்று இப்போது சொல்கிறார். கல்யாணத்துக்கு முன் நடந்த வகுப்பில் கருத்தடை பாவம் என்று சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. மாமியாரோ, "எங்க சபையில இதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க, போய்ப் பண்ணிட்டு வாம்மா" என்கிறார். வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர் அவர், விசுவாசத்தில் என்னைவிடக் குறைந்தவர் இல்லை. அவருக்குப் பாவம் இல்லாதது எனக்கு மட்டும் எப்படிப் பாவம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வேதத்தில் நேரடியான பதில் கிடையாது. எல்லாத் தரப்பும் நெடுங்காலம் காட்டிவந்தது பைபிளின் முதல் புத்தகமான தொடக்கநூல் 38இல் வரும் ஓனானை. இறந்த அண்ணனின் மனைவியைச் சேர்ந்து அண்ணன் பேரில் வாரிசு தரவேண்டிய கடமை அவனுக்கு. அந்த வாரிசு வரக்கூடாது என்று விந்தைத் தரையில் விட்டான், ஆண்டவர் அவனைச் சாகடித்தார். தண்டனை விந்தை விட்டதற்கா, அண்ணன் மனைவியை ஏமாற்றியதற்கா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. இரண்டாவதுதான் என்பது என் வாசிப்பு.

உங்கள் மாமியாரின் நிம்மதிக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. புராட்டஸ்டன்ட் மரபின் முன்னோடிகளான லூத்தரும் கால்வினும் இந்த விஷயத்தில் எந்தப் போப்புக்கும் குறையாத காட்டத்தோடு பேசியவர்கள். இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு 1908இலும் 1920இலும் கருத்தடையைக் கண்டித்தது. 1930இல் அதே மாநாடு, 193க்கு 67 என்ற வாக்கில், தக்க காரணம் இருந்தால் கூடும் என்று கதவைக் கொஞ்சம் திறந்தது. 1958இல் எத்தனை பிள்ளை, எப்போது என்பதைப் பெற்றோரின் மனச்சாட்சியிடமே ஒப்படைத்தது. 1947இல் நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. உருவானபோது ஒன்றுசேர்ந்த சபைகளில் ஆங்கிலிக்கன் மரபும் இருந்தது.

ரோம், அதாவது கத்தோலிக்கத் தலைமை, அந்த 1930இன் கடைசி நாளிலேயே மறுத்தது. பிறகு கருத்தடை மாத்திரை வந்தது. போப் ஆறாம் பவுல் காலத்தில் இதை ஆராய்ந்த குழுவில் பெரும்பான்மையினர், போதனையை மாற்றலாம் என்றே 1966இல் சொன்னார்கள். அவர் ஏற்கவில்லை. தம்பதியை இணைப்பது, உயிருக்கு வழிவிடுவது என்ற உறவின் இரண்டு பொருளையும் மனிதன் தன் இஷ்டத்துக்குப் பிரிக்கக்கூடாது என்று 1968இல் 'ஹுமானே வீத்தே' என்ற சுற்றுமடலில் எழுதினார். உங்கள் வகுப்பில் கேட்டது அதன் சாரம்தான்.

பிரம்மச்சாரிகளுக்கு என்ன தெரியும் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்யமாட்டேன். கருத்தடையை ஒப்புக்கொண்டால் நாளை அரசாங்கங்கள் அதை மக்கள்மேல் திணிக்கும் என்று அதே மடல் எச்சரித்தது. எட்டு வருஷத்தில், நெருக்கடி நிலையின்போது, நம் நாட்டில் அது நடந்தது. 1976–77இல் மட்டும் 80 லட்சம் பேருக்கு மேல் ஆபரேஷன். பெரும்பாலும் ஆண்கள், அதில் வற்புறுத்திக் கொண்டுபோகப்பட்ட ஏழைகள் ஏராளம்.

ஆனால் உங்கள் பிரச்சினை அரசாங்கம் அல்ல, உங்கள் கர்ப்பப்பை. அதற்கும் ரோம் பதில் சொல்லியிருக்கிறது. சிசேரியன்களால் கர்ப்பப்பை சேதமாகி, அதுவே இப்போது உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் அதை எடுக்கலாம். அடுத்த கர்ப்பத்தில் ஆபத்து வரும் என்பதற்காகக் கருக்குழாயைக் கட்டக்கூடாது. இது 1993இல் வந்த விளக்கம். கர்ப்பப்பையையே எடுப்பது ஆகும், குழாயைக் கட்டுவது ஆகாது என்ற இந்தத் தர்க்கத்தை நான் பலமுறை படித்துவிட்டேன். இழை பிசகாத தர்க்கம்தான். பிரசவ வார்டில் நிற்கிற ஒரு பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழாது.

மிச்சம் இருப்பது இயற்கை முறை. திருச்சபை அதை அனுமதிக்கிறது. கர்ப்பப்பை வாயில் ஊறும் சளியைக் கவனித்து, கரு உண்டாகக்கூடிய நாளைக் குறிக்கும் பில்லிங்ஸ் முறையை முறையாகக் கற்றுக்கொண்டால் பலன் உண்டு. ஆனால் தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் அடையாளங்கள் குழம்பும், அதோடு புருஷன் தள்ளிப் படுக்கச் சம்மதிக்க வேண்டும்.

புருஷன் என்றதும் கேட்கத் தோன்றுகிறது. உங்கள் கடிதத்தில் டாக்டர் பேசுகிறார், மாமியார் பேசுகிறார், வகுப்பு பேசுகிறது. அவர் எங்கே? தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், கிறிஸ்தவர்களும் அதில் அடக்கம். ஆண்கள் விரல்விட்டு எண்ணுமளவுதான். குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் அழுகிறவளும் அவளேதான்.

ஆண்களுக்கான தழும்பில்லா ஆபரேஷன் கால்மணி நேர வேலை. ஊசி மரப்பு போதும், வயிற்றைத் திறக்க வேண்டாம், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தும்வரை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் சி.எஸ்.ஐ. அவருடைய சபை இதை அவர் மனச்சாட்சிக்கு விட்டிருக்கிறது. கணவன் தானாகச் செய்வதற்கு மனைவி எவ்வளவு பொறுப்பு என்பதை ரோமும் பேசியிருக்கிறது. 1997இல் குருக்களுக்குத் தந்த கையேட்டில், கடுமையான நிபந்தனைகளோடு அவளுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. நீங்களே தள்ளி அனுப்பினால் அந்தச் சலுகை கிடையாது என்று கறாரான ஃபாதர் ஒருவர் சொல்லக்கூடும். எனவே இந்தக் கடிதத்தை உங்கள் கணவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டுச் சும்மா இருங்கள்.