தோல் கெடாமல் கயோட்டி சுட எந்தத் தோட்டா?

கேள்வி: அண்ணா, வணக்கம். எச்-1பி வேலை விசாவில் வந்து அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பில்லிங்ஸ் பக்கம் இருக்கிறேன். ஆட்டுக்குட்டிகளைக் கயோட்டி, அதாவது சின்ன ஓநாய் மாதிரியான காட்டு விலங்கு, தூக்கிப்போகிறது என்று பக்கத்துப் பண்ணைக்காரர் இந்தக் குளிரில் என்னையும் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். போன வாரம் அவர் .22-250 என்ற அளவுத் தோட்டா போடும் ரைஃபிளில் ஒன்றைச் சுட்டார். இந்தப் பக்கம் சின்னப் புள்ளி, அந்தப் பக்கம் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அவ்வளவு அழகான தோல் வீணாய்ப் போனது. தோலைக் கெடுக்காத தோட்டா எது? கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, முதலில் ஒரு சட்ட விஷயம், கோபித்துக்கொள்ளாதீர்கள். எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால்தான் விலக்கு. மொன்டானாவில் கயோட்டியை ஆண்டு முழுக்கச் சுடலாம், அந்த மாநிலத்துக்காரருக்கு அதற்கு உரிமம்கூட வேண்டாம், அதனால் உங்கள் பண்ணைக்காரர் "அதெல்லாம் எதற்கு, சும்மா வா" என்றுதான் சொல்வார். அவருக்கு அது சரி, உங்களுக்குச் சரியில்லை. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து, உரிமத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அப்புறம் துப்பாக்கியைத் தொடுங்கள்.

சரி, ஓட்டைக்கு வருவோம். கயோட்டி பெரிதாகத் தெரிவதெல்லாம் குளிர்கால ரோமத்தால்தான். உரித்துப் பார்த்தால் நம் ஊர் நாய் அளவுதான், நெஞ்சின் குறுக்களவு ஒரு சாண்கூட வராது. தோல் தப்ப வேண்டுமானால் குண்டு அந்த ஒரு சாணுக்குள் நுழைந்து, உடைந்து, அங்கேயே தீர்ந்துவிட வேண்டும். தோலைத் தொட்டதுமே உடைந்தால் மேலே பள்ளம் விழும், தாமதமாக உடைந்தால் மறுபக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகும். அதனால் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், அந்தக் குண்டு எங்கே உடையும் என்பதுதான் கேள்வி.

.22-250இல் 55 கிரெய்ன் குண்டு, அதாவது சுமார் மூன்றரை கிராம், விநாடிக்கு 3,600 அடிக்கு மேல் கிளம்பும். உங்கள் பண்ணைக்காரர் போட்டது ஈய முனை வெளியே தெரியும் மென்முனைக் குண்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது காளான் மாதிரி விரிந்து, உடையாமல், விலா எலும்புத் துண்டுகளையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். அதே துப்பாக்கிதான் என்றால் பிளாஸ்டிக் முனை வைத்த, செப்பு உறை மெலிதான குண்டுக்கு மாறச் சொல்லுங்கள். ஹார்னடி வி-மேக்ஸ், நாஸ்லர் பாலிஸ்டிக் டிப், சியரா பிளிட்ஸ்கிங் எல்லாம் அந்த வகை. உடம்பில் பட்டதும் அந்த முனை பின்னுக்குத் தள்ளப்பட்டு உறையைப் பிளக்கும், குண்டு உள்ளேயே தூளாகிவிடும். ஆனாலும் .22-250இன் வேகத்துக்குச் சில நேரம் வெளியே வரத்தான் செய்யும்.

நீங்களே புதிதாக வாங்குவதானால் .223 ரெமிங்டன் என்ற அளவுத் தோட்டா போடும் துப்பாக்கி எடுங்கள், 50 அல்லது 55 கிரெய்ன் வி-மேக்ஸ் போடுங்கள். 55 கிரெய்ன் விநாடிக்கு 3,240 அடிதான், அந்தக் குறைவுதான் தோலுக்கு நல்லது. தோட்டா விலையும் மற்றதைவிடக் குறைவு, அதனால் நிறையச் சுட்டுப் பழகலாம். .204 ரூகர் என்ற அளவும் தோலுக்கு அருமையானது, ஆனால் அதில் 32 கிரெய்ன் வேண்டாம், 40 வாங்குங்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஜனவரிக் காலையில் முயல் கத்தும் ஒலியை வைத்துக் கூப்பிட்டதில் ஒரு கயோட்டி நாற்பது கெஜத்துக்கு வந்து நின்றது. 32 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 4,200 அடி, நேராகத் தோளெலும்பில் பட்டது. குண்டு எலும்பின் மேலேயே சிதறிவிட்டது. தோளில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை பிய்ந்து தொங்க, அது மூன்று காலில் ஓடியது. பனியில் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போய் இரண்டாவது குண்டில்தான் முடித்தேன். தோலும் போச்சு, அந்த உயிருக்கும் வேண்டாத வேதனை. அன்றிலிருந்து தோளெலும்பைக் குறிவைப்பதே இல்லை. பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பாதியில் சுடுவேன். முகம் பார்த்து நின்றால் நடு நெஞ்சில், குண்டு உடம்பின் நீளவாக்கில் போவதால் வெளியே வர வழியே இல்லாமல் உள்ளேயே அடங்கிவிடும்.

ஒரே தோட்டா உங்கள் துப்பாக்கிக் குழலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் போகும். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, நூறு கெஜத்தில் தாளில் சுட்டுப் பார்த்து, எது ஒரே இடத்தில் குவிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முழு உறை போட்ட எஃப்எம்ஜே குண்டு விரியாமல் ஊசி மாதிரி போய்விடுமாமே, தோலுக்கு அதுதானே நல்லது? (வயோமிங் வாசகர்)

பதில்: வேண்டாம். ஓட்டை சிறிதாக இருக்கலாம், ஆனால் குண்டு தன் வேகத்தை உள்ளே விடாமல் கடந்து போய்விடும். கயோட்டி ஓடிப்போய் எங்கோ புதரில் மெல்லச் சாகும், அப்புறம் தோல் எங்கே கிடைக்கும்? சில நேரம் உள்ளே குட்டிக்கரணம் போட்டுப் பெரிய ஓட்டையும் போடும். பனிக்கட்டியாய் இறுகிய தரையில் பட்டுத் தெறித்தால் எங்கே போகுமென்று சொல்ல முடியாது, ஆடு மாடு நிற்கிற இடம்.

கேள்வி: அண்ணா, என்ன செய்தாலும் ஓட்டை விழுந்துவிட்டது. தோலைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? (ஆல்பர்ட்டா வாசகி)

பதில்: போடாதீர்கள் தங்கச்சி. விழுந்த உடனே ஓட்டையில் பஞ்சையோ காகிதத் துண்டையோ திணித்துவிடுங்கள், ரோமத்தில் ரத்தம் ஊறாது. ஊறிவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும். உரித்துச் சதையும் கொழுப்பும் சுரண்டியபின், உலர்த்தும் பலகையில் இழுத்து ஏற்றுவதற்கு முன், தோலின் உள்பக்கத்தில் தைக்க வேண்டும். வட்ட ஓட்டையை அப்படியே இழுத்துத் தைத்தால் இரண்டு முனையிலும் மடிப்பு விழும். முதலில் கூர்கத்தியால் மாங்கொட்டை வடிவத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், அப்போது இரண்டு ஓரமும் படிந்து சேரும். மெழுகு தடவிய நூலால் நெருக்கமாகத் தைத்து, ஒவ்வொரு தையலுக்கும் உள்ளே மாட்டிக்கொள்ளும் மயிரை ஊசி முனையால் வெளியே தள்ளிவிடுங்கள். கயோட்டித் தோலை ரோமம் வெளியே இருக்கும்படிதான் உலர்த்தி விற்பார்கள், அடர்ந்த குளிர்கால ரோமத்தில் ஒழுங்கான தையல் வெளியே தெரியாது. 2021இல் குளிர்கால ஜாக்கெட் தயாரிக்கும் கனடா கூஸ் நிறுவனம் ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்தபின் வாங்குபவர்களும் குறைந்துவிட்டார்கள், அதனால் இருக்கிற தோலை நன்றாகக் காட்டுவது இன்னும் முக்கியம்.

இன்னொன்று. உரித்த உடலை வயலில் போட்டுவிட்டு வராதீர்கள். அதில் தூளாகிக் கிடக்கும் குண்டின் ஈயத்தைக் கழுகு தின்றால் நஞ்சு ஏறிச் செத்துவிடும். ஆழமாகப் புதையுங்கள், இல்லையென்றால் ஈயமில்லாத தோட்டாவுக்கு மாறுங்கள். பார்ன்ஸ் வார்மின்ட் கிரெனேடில் ஈயத்துக்குப் பதில் செம்பும் வெள்ளீயமும் கலந்த தூள்தான் இருக்கிறது, அதுவும் உள்ளேயே சிதறும்.