மட்டை போகட்டும், குருத்தைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்தேன். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து முதல் வருடம். குடியேறிய வீட்டின் பின்புறம் விசிறி ஓலையோடு ஒரு மரமும், பேரீச்சை மாதிரி இறகு ஓலையோடு ஒரு சின்ன மரமும் நிற்கின்றன. வாசலில் தொட்டியில் இன்னொன்று. அடுத்த மாதம் உறைபனி தொடங்கிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். பாலிதீன் தாளால் மொத்தமாகச் சுற்றிவிட்டால் போதுமா, அப்படியே ஒரு தென்னங்கன்றும் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தென்னையை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். தென்னை சாவதற்கு உறைபனிகூடத் தேவையில்லை. பத்து டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் நின்றாலே கன்று மஞ்சளாகி ஒடுங்கிவிடும். நானும் ஆசைப்பட்டு ஒன்றை ஜன்னலோரம் வைத்து, இரண்டாவது குளிர்காலத்தில் தூக்கிப் போட்டவன்தான். வந்த புதிதில் நம் எல்லோருக்கும் வரும் ஆசை அது.

பாலிதீன் விஷயம்தான் முக்கியம். ஏனென்றால் அந்தத் தப்பை நான் அப்படியே செய்திருக்கிறேன். என் முதல் குளிர்காலத்தில், ஆள் உயரத்துக்கு இருந்த ஒரு மரத்தை உச்சியிலிருந்து அடிவரை தடிமனான பாலிதீனால் சுற்றி, டேப் ஒட்டி, பார்சல் மாதிரி கட்டி வைத்தேன். மூன்று மாதம் தொடவில்லை. பனி விலகியதும் பிரித்துப் பார்த்தால் ஓலையெல்லாம் பச்சைப் பசேல் என்று இருந்தது. காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்பட்ட அதே நிமிடம், ஊறிப்போன சாக்கு மாதிரி ஒரு வாடை. நடுவில் விரியாமல் ஈட்டி போல நின்ற குருத்தை லேசாகத் தொட்டேன். இழுக்கக்கூட இல்லை, கையோடு வந்துவிட்டது. அதன் அடி பழுப்பாகக் குழைந்திருந்தது. அந்தப் பச்சை ஓலைகள் கோடை முடிவதற்குள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. புதிதாக ஒன்றும் வரவே இல்லை.

அந்த மரம் குளிரில் சாகவில்லை. பகல் வெயிலில் பாலிதீனுக்குள் ஆவி கிளம்பி, இரவில் அது தண்ணீராக வழிந்து, உச்சியில் ஓலைகள் கூடும் கொண்டைக்குள் இறங்கி, அங்கேயே உறைந்து, உருகி, மறுபடி உறைந்து அழுகியது. தென்னையில் நாம் குருத்தழுகல் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதே கதை. அதோடு பாலிதீன் ஓலையை ஒட்டிக்கொண்டு இருந்தால் வெளிக்குளிரை நேராக ஓலைக்குக் கடத்தும். காற்று போய் வருகிற துணிதான் வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். வேப்பமரத்தையோ ரோஜாவையோ வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். பனை இனம் அப்படி இல்லை. பெரும்பாலான வகைகளுக்கு ஒரு தண்டுக்கு ஒரே ஒரு வளர்முனை, அது கொண்டைக்குள் மட்டைகளின் நடுவில் ஒளிந்திருக்கிறது. அது செத்தால் தண்டு முடிந்தது. பக்கக்கன்று விடும் வகைகள் மட்டும் அடியிலிருந்து பிழைத்து வரும். ஓலை எத்தனை கருகினாலும் பரவாயில்லை, குருத்து உயிரோடு இருந்தால் மரம் ஓரிரு வருடத்தில் கொண்டையை மீட்டுக்கொள்ளும். எனவே நீங்கள் போர்த்தப்போவது மரத்தை அல்ல, ஒரு முழ நீளத்துக்கு இருக்கும் அந்த நடுப்பகுதியை.

சரி, உங்களிடம் இருப்பது என்ன மரம்? பெயர் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள். விசிறி ஓலை மரத்தின் தண்டைப் பாருங்கள். தென்னையில் மட்டைக்கு இடையே பன்னாடை இருக்குமே, அதே மாதிரி பழுப்பு நாரால் தண்டு முழுக்கப் போர்த்தியிருந்தால் அது விண்ட்மில் பாம், தாவரப் பெயர் டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. குளிர் நாட்டுத் தோட்டங்களில் அதிகம் காண்பது இதைத்தான். சீனாவிலிருந்து 1849-இல் இதை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பிய ராபர்ட் ஃபார்ச்சூனின் பெயர்தான் இதற்கு. சீனத் தேயிலைச் செடிகளை ரகசியமாக இந்தியாவுக்குக் கொண்டுவந்த அதே ஆள். நன்றாக வேர் பிடித்த விண்ட்மில் மைனஸ் 12 வரை பெரிய சேதம் இல்லாமல் தாங்கும். உங்கள் பகுதியில் அந்த அளவு இறங்காது என்றால் பெரிய மரத்துக்குப் போர்வையே வேண்டாம்.

நார் இல்லாமல், ஓலையின் ஓரங்களில் வெள்ளை நூல் தொங்கினால் வாஷிங்டோனியா. இது வேகமாக வளரும், ஆனால் நம்பக்கூடாது. ரோபஸ்டா வகை மைனஸ் 5-ஐத் தாண்டினாலே ஓலையை இழக்கும். அடியிலிருந்து பல தண்டுகளாகப் புதர் போல வந்து காம்பில் முள் இருந்தால் மத்தியதரைக் கடல் பகுதியின் சமேரோப்ஸ். அது மைனஸ் 9, 10 வரை வரும், போனாலும் பக்கக்கன்று விடும்.

இறகு ஓலை மரம், மட்டையின் அடியில் ஊசி போன்ற நீண்ட முட்களோடு இருந்தால் பெரும்பாலும் கேனரித் தீவுப் பேரீச்சை. மைனஸ் 6 அளவில் ஓலை கருகத் தொடங்கும். சின்ன மரம் என்கிறீர்கள், அதனால் இதற்குத்தான் உங்கள் முழு உழைப்பும். சாம்பல் நீல நிறத்தில் ஓலை வில்லாக வளைந்திருந்தால் பூட்டியா, இன்னும் கொஞ்சம் தைரியசாலி. தொட்டியில் இருப்பது மெல்லிய மஞ்சள் காம்புகளோடு மூங்கில் புதர் போல இருந்தால் அரிகா பாம். அது பூஜ்ஜியத்துக்கே தாங்காது, விவாதமே வேண்டாம், உள்ளே தூக்குங்கள்.

இந்த எண்களை வேத வாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். செடியின் அட்டையில் போட்டிருக்கும் மைனஸ் கணக்கு, வளர்ந்த மரம், காய்ந்த கொண்டை, சில மணி நேரக் குளிர் என்ற நிலைமைக்குச் சொல்வது. விடியற்காலை இரண்டு மணி நேரம் மைனஸ் 6 போய், பகலில் பனி உருகினால் ஒரு கதை. பகலிலும் பூஜ்ஜியத்தைத் தாண்டாமல் மூன்று நாள் மைனஸ் 4-இலேயே நின்றால் அது வேறு கதை, இரண்டாவதுதான் மோசம். நட்ட முதல் இரண்டு வருடம் எந்த வகையையும் அட்டையைவிட நாலு டிகிரி பலவீனமானது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

வானிலைச் செயலி 3 டிகிரி என்று காட்டும், காலையில் புல் வெள்ளையாக இருக்கும். அது பொய் சொல்லவில்லை. அவர்கள் அளப்பது தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக் காற்றை. மேகமில்லாமல், காற்றில்லாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு அதற்கும் கீழே இறங்கும். சில்லென்ற காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் போய்த் தேங்கும். தோட்டத்தில் தாழ்ந்த மூலை இருந்தால் அங்கே ஒரு மலிவான தெர்மாமீட்டரை முழங்கால் உயரத்தில் கட்டிவிடுங்கள். இரண்டு வாரம் பார்த்தால் செயலிக்கும் உங்கள் மண்ணுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று தெரிந்துவிடும். பகல் வெயில் படும் செங்கல் சுவருக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கு மாறும். சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுக்கும். தொட்டி மரத்துக்கு அதுதான் இடம்.

இப்போதிருந்தே செய்ய வேண்டியது கொஞ்சம். தழைச்சத்து உரத்தை நிறுத்துங்கள். இந்த நேரத்தில் வரும் இளந்துளிர்தான் முதலில் கருகும். அடியைச் சுற்றி மரப்பட்டைத் தூளோ காய்ந்த இலையோ நாலு விரற்கடைக்கு மேல், ஒரு சாண் வரைகூட மூடாக்கு போடுங்கள், தண்டை மட்டும் தொடாமல். உறைபனிக்கு முந்தைய நாள் மண் காய்ந்திருந்தால் வேருக்குத் தண்ணீர் விடுங்கள். ஈரமண் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். ஆனால் கொண்டைக்குள் ஒரு சொட்டு போகக்கூடாது. குழாயை மேலே தூக்கி அடிக்கிற பழக்கம் இருந்தால் இந்த நாலு மாதம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் கட்டும் வேலை. இதைக் காய்ந்த நாளில், மதியத்துக்கு மேல் செய்யுங்கள். நனைந்த மரத்தைக் கட்டினால் என் பாலிதீன் கதைதான். ஓலைகளைக் கீழிருந்து கூட்டி மேல்நோக்கி எடுத்து, தலைமுடியைக் கொண்டை போடுவது மாதிரி, மெத்தென்ற கயிற்றால் சுழன்று சுழன்று கட்டிக்கொண்டே போங்கள். இறுக்க வேண்டாம், ஒரு விரல் நுழையும் தளர்ச்சி போதும். பேரீச்சை என்றால் தடிமனான கையுறை போடுங்கள், கண்ணாடியும் போடுங்கள். அந்த முள் குத்திய இடம் வாரக்கணக்கில் வலிக்கும். ஓலைகள் குவிந்ததும் குருத்தைச் சுற்றி அவையே முதல் போர்வை ஆகிவிடும். அதற்கு மேல் தோட்டக்கலைக்காரர்கள் விற்கும் வெள்ளை நெய்யாத துணியை இரண்டு சுற்று சுற்றி ஆங்காங்கே கட்டுங்கள். பழைய பருத்திப் போர்வையும் ஆகும், நனைந்தால் கனத்து ஓலையை ஒடிக்கும் என்பதுதான் குறை.

சின்ன மரத்துக்குத் துணி தரை வரை வந்து, ஓரத்தில் கல் வைத்திருக்க வேண்டும். சூடு வருவதே மண்ணிலிருந்துதான். மேலே குடை மாதிரி கொண்டையை மட்டும் சுற்றி, அடியைத் திறந்து விடுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வெறும் காலோடு தூங்குவது மாதிரி. நாலு குச்சி நட்டு அதன் மேல் துணி போட்டு, துணி ஓலையில் படாமல் வைத்தால் இன்னும் நல்லது. தொடர்மழை வரும் என்றால் உச்சிக்கு மட்டும் ஒரு தகடோ பிளாஸ்டிக்கோ கூரையாக வைக்கலாம். அங்கே பிளாஸ்டிக் தப்பில்லை, பக்கவாட்டில் காற்று ஓடுகிறதே.

குளிர் விட்டு, பகலில் ஐந்தாறு டிகிரிக்கு மேல் வந்தால் உச்சியைத் திறந்து காற்று காட்டுங்கள். சோம்பல்தான், எனக்கும் வரும். ஆனால் மூன்று மாதம் மூடியே வைத்த மரத்தைவிட, போர்த்தவே போர்த்தாத மரம் பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

துணி மட்டும் சில டிகிரிதான் தரும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் துணிக்குள் சூடு வைக்க வேண்டும். வெளியிடத்தில் பயன்படுத்தத் தகுந்த பழைய வகை இழை பல்பு மாலையைத் தண்டிலும் கொண்டையிலும் சுற்றலாம். புதிய எல்இடி மாலை அழகாக எரியும், சூடு தராது. குழாய் உறையாமல் இருக்கச் சுற்றும் வெப்பக் கம்பியும் பயன்படும். 2 டிகிரி அளவில் தானே எரிந்து 7 டிகிரி அளவில் தானே அணையும் பிளக்குகள் உண்டு, இரவில் எழுந்து ஓட வேண்டாம். பல்பு துணியையோ வைக்கோலையோ தொடாமல் இருக்கட்டும்.

தொட்டி மரத்தில் ஒரு சூட்சுமம். தரையில் நிற்கும் மரத்தின் வேருக்குப் பூமியின் சூடு உண்டு. தொட்டிக்கு நாலு பக்கமும் குளிர். ஓலையைவிட வேர் மென்மையானது. உள்ளே எடுக்க முடியாவிட்டால் தொட்டியைத் தரையிலிருந்து தூக்கி மரத்துண்டு மேல் வைத்து, குமிழி பிளாஸ்டிக்கால் தொட்டியை மட்டும் சுற்றுங்கள். உள்ளே எடுத்தால் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். வெளிச்சமுள்ள, சூடேற்றாத அறைதான் நல்லது. தண்ணீர் அரிதாக விட்டால் போதும்.

பனி கொட்டினால் ஓலையைக் கீழிருந்து மெல்லத் தட்டி உதிர்த்துவிடுங்கள். உறைந்து ஒட்டியிருந்தால் தொடாதீர்கள், ஒடியும்.

வசந்தம் வந்ததும் ஓலை பழுப்பாகத் தெரியும், கத்தரியைத் தேடுவீர்கள். பொறுங்கள். பின்பனிக்காலம் முடியும் வரை பாதி கருகிய ஓலைகூடக் குருத்துக்குக் கூரை, மீதிப் பச்சை மரத்துக்குச் சோறு. குருத்தை மட்டும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். உறுதியாக நின்றால் கவலை இல்லை. கையோடு வந்தாலும் முடிந்தது என்று வெட்டிவிடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, அழுகலைத் துடைத்து, செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லியை அட்டையில் சொன்ன அளவுக்கு ஒரு முறை ஊற்றி, மழை படாமல் மூடி வைத்துக் கோடை முழுக்கக் காத்திருங்கள். வளர்முனை அழுகலுக்குக் கீழே தப்பியிருந்தால், முதலில் வரும் ஓலை குட்டையாக, கடித்துத் துப்பியது மாதிரி கோணலாக வரும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதுதான் நல்ல செய்தி.

இழுக்கக் கை வரவில்லை என்றால் இன்னொரு வழி. குருத்துக்கும் அதை ஒட்டிய மட்டைக்கும் குறுக்காக மார்க்கரால் ஒரே கோடு போட்டு வைத்துவிடுங்கள். குருத்து உயிரோடு இருந்தால் அதன் மேல் உள்ள கோடு மட்டும் ஏறும். போன வருடம் என் பேரீச்சைக்கு அப்படித்தான் போட்டேன். மூன்று வாரம் அசையவே இல்லை, மண்வெட்டியைக்கூட வெளியே எடுத்து வைத்திருந்தேன். வெயில் ஏறிய நாலாவது வாரம் பார்த்தால் கோடு ஒரு நகக்கண் அளவு மேலே போயிருந்தது.