பழைய காவியத்துல வர்ற கவசத்தை வச்சு "இவங்க இந்த இனம்"னு சொல்ல முடியுமா?

கேள்வி இதுதான்: பழைய ஐரோப்பியக் காவியங்கள்ல வீரர்களோட ஹெல்மெட், கவசம் எல்லாம் அவ்வளவு விவரமா வருதே, அதே மாதிரி ஒண்ணு மண்ணுக்குள்ள இருந்து கிடைச்சா அது அந்தக் காவியம் பேசுற இனத்தோட சொத்துன்னு முடிவு பண்ணிடலாமா?

முடியாதுங்க. ஆனா ஏன் முடியாதுங்கிறதுதான் சுவாரசியமான விஷயம், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் தொல்லியல் படிச்சவன் இல்ல. பாளையங்கோட்டையில எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சேன், பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி கைடைப் புரட்டி "பியோவுல்ஃப் ஆங்கிலேயரின் தேசியக் காவியம்"னு உருப்போட்டு எழுதி மார்க்கும் வாங்கிட்டேன். அப்புறம் பொழப்பு வேற பக்கம் இழுத்துட்டுப் போயிடுச்சு. பல வருஷம் கழிச்சு வேலை விஷயமா லண்டன்ல இருந்தப்போ, மழைக்கு ஒதுங்கின மாதிரிதான் பிரிட்டிஷ் மியூசியத்துக்குள்ள போனேன், 41ஆம் நம்பர் அறையில அந்த சட்டன் ஹூ ஹெல்மெட் எதிர்ல நின்னப்போதான் நான் எழுதின பதில் எவ்வளவு அபத்தம்னு உறைச்சது.

அந்த ஹெல்மெட் கதை தெரியாதவங்களுக்கு: 1939ல இங்கிலாந்தோட சஃபோக் பகுதியில, இடித் ப்ரெட்டிங்கிற அம்மாவோட நிலத்துல இருந்த மண்மேட்டை பேசில் பிரவுன் தோண்டினார், உள்ள 27 மீட்டர் நீளத்துக்கு ஒரு கப்பலோட அச்சு, மரம் மக்கிப்போயி ஆணி வரிசை மட்டும் மண்ணுல, அதுக்கு நடுவுல ஒரு ராஜாவுக்காகப் புதைச்ச சாமான்கள். கி.பி. 620கள்ல செத்துப்போன கிழக்கு ஆங்கிலியா ராஜா ரெட்வால்டா இருக்கலாம்னு பலரும் நினைக்கிறாங்க. ஹெல்மெட் ஹெல்மெட்டாவே கிடைக்கல, 500க்கு மேல துருப்பிடிச்ச துண்டுகளாத்தான் கிடைச்சுது. போர் முடிஞ்சப்புறம் ஹெர்பர்ட் மாரியன் ஒருதடவை ஒட்டினார், அது சரியில்லன்னு 1970-71ல நைஜல் வில்லியம்ஸ் மொத்தத்தையும் பிரிச்சு மறுபடி ஒட்டினார், இப்ப நாம பார்க்கிறது அந்த ரெண்டாவது முகம்தான். எந்தத் துண்டு எங்கன்னு மனுஷன் உக்காந்து யோசிச்சு முடிவு பண்ணின முகம்.

சரி, பியோவுல்ஃபுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கவிதையில வீரர்கள் வரிசையா நடந்து வரும்போது அவங்க கன்னத்தகட்டுக்கு மேல பொன்னுல செஞ்ச காட்டுப்பன்றி உருவம் மின்னுதுன்னு வரும். சட்டன் ஹூ ஹெல்மெட்ல ரெண்டு புருவமும் முடியுற இடத்துல பார்த்தா குட்டிக்குட்டியா பன்றித் தலை! அப்புறம் 1031ஆம் வரியில ஹெல்மெட் உச்சியில கம்பி சுத்தின ஏதோ ஒரு பாகத்துக்கு "வாலா"ன்னு ஒரு சொல் வரும், அது என்னன்னு பண்டிதர்கள் ரொம்ப நாளா முட்டிக்கிட்டு இருந்தாங்க, இந்த ஹெல்மெட்டோட நடு உச்சியில வெள்ளிக்கம்பி பதிச்ச முகடு ஒண்ணு கிடைச்சதும் ஆஹா இதுதான் வாலான்னு ஆயிடுச்சு. அதாவது ஹெல்மெட்டை வச்சு கவிதைக்கு அர்த்தம் சொன்னோம், அந்தக் கவிதையை வச்சு ஹெல்மெட் யாரோடதுன்னு சொன்னோம். மாமனுக்கு மச்சான் சாட்சி, மச்சானுக்கு மாமன் சாட்சி.

இதுல கூத்து என்னன்னா அந்தக் கவிதையில ஒரு காட்சிகூட இங்கிலாந்து மண்ணுல நடக்காது. நாயகன் இப்போதைய தெற்கு ஸ்வீடன் பக்கத்து கீட் இனத்துக்காரன், போய் சண்டை போடுறது டென்மார்க்ல. 3182 வரி, மொழி மட்டும்தான் பழைய ஆங்கிலம். நமக்குக் கிடைச்ச ஒரே கைப்பிரதி கி.பி. 1000 வாக்குல எழுதினது, அதுவும் 1731ல ஒரு தீ விபத்துல ஓரமெல்லாம் கருகித் தப்பிச்சது. அந்த மண்மேட்டுக்கும் இந்தப் பிரதிக்கும் நடுவுல முந்நூத்தம்பது வருஷத்துக்கு மேல இருக்கு! ஆனா புத்தகக் கடையில போய்ப் பாருங்க, அட்டைப்படத்துல பாதிக்குப் பாதி இந்த ஹெல்மெட் மூஞ்சிதான்.

இப்ப ஹெல்மெட்டையே பாகம் பாகமாப் பார்ப்போம். மேல ஒட்டியிருக்கிற மெல்லிசு தகடுகள்ல வர்ற ஆடுற வீரர்கள், அதோட நெருங்கின சொந்தக்காரங்க எல்லாம் ஸ்வீடன்ல வெண்டல், வால்ஸ்கார்டே புதைகுழிகள்ல இருக்காங்க. கன்னத்தகடு, கழுத்துத்தகடு, உச்சி முகடு, இந்த அமைப்பு முழுக்க கடைசிக்கால ரோமப் படையோடது. ஒரு தகட்டுல குதிரைக்காரன் கீழ விழுந்தவனை மிதிச்சுக்கிட்டுப் போறான், இந்தப் படம் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப்போனா ரைன் நதிக்கரையில ரோமக் குதிரைப்படை ஆளுங்களோட கல்லறைக் கல்லுல போய் நிக்கும், அங்க குதிரைக்கு அடியில கிடக்கிறவன் காட்டுமிராண்டின்னு ரோமர் சொன்ன ஜெர்மானியன். அதாவது யாரைக் குதிரைக்கு அடியில போட்டு செதுக்கினாங்களோ அவங்க பக்கத்து ஜனம் அதே படத்தை எடுத்து, தன்னை மேல உக்கார வச்சுக்கிட்டு, ஹெல்மெட்ல ஒட்டிக்கிச்சு. இன்னொரு சின்ன மாற்றமும் பண்ணியிருக்காங்க, கீழ கிடக்கிறவன் சும்மா கிடக்கல, குதிரை நெஞ்சுல கத்தியைச் சொருகுறான். அது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

புருவத்துல பதிச்சிருக்கிற சிவப்புக் கல் கார்னெட். ஒரு புருவத்துக் கல்லுக்கு அடியில தங்கத்தாள் இருக்கு, இன்னொண்ணுக்கு இல்ல, அதனால நெருப்பு வெளிச்சத்துல ஒரு கண்ணு மட்டும் ஜொலிக்கும், வடக்கத்திய ஒத்தைக்கண் தெய்வம் "ஓடின்" மாதிரி வேஷம் போட்டிருக்கலாம்னு நீல் ப்ரைஸ், பால் மார்ட்டிமர்னு ரெண்டு பேர் எழுதினாங்க. அழகான யோசனை, ஆனா யோசனைதான். கார்னெட்னு சொன்னதும் நமக்கு தூத்துக்குடிப் பக்கத்து கடற்கரை தாதுமணல் ஞாபகம் வரும். இந்தத் தொடர்பு சும்மா இழுத்து விடுறது இல்ல, அந்தக் காலத்து ஐரோப்பிய நகைகள்ல இருக்கிற கார்னெட்டை ஆய்வுக்கூடத்துல வச்சுப் பார்த்ததுல ஒரு பெரும்பங்கு இந்தியாவுல இருந்தும் இலங்கையில இருந்தும் போனதுன்னு தெரிய வந்திருக்கு. இந்த ஹெல்மெட்ல இருக்கிற ஒவ்வொரு கல்லும் எங்கிருந்து வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ணலை, ஆனா அந்த மோஸ்தரே கிழக்கத்திய கல்லை நம்பி வளர்ந்தது.

உச்சி முகடு ரோமரோடதுன்னு சொன்னேன்ல, அதுவாவது ரோமரோட சொந்த சரக்கான்னா அதுவும் இல்ல. சிரியாவுல டூரா யூரோப்போஸ்னு ஒரு ஊர். கி.பி. 256 வாக்குல பாரசீக சசானியப் படை அதை முற்றுகை போட்டுச்சு, கோட்டைச் சுவருக்கு அடியில அவங்க சுரங்கம் தோண்ட, ரோமரும் உள்ள இருந்து எதிர்ச்சுரங்கம் தோண்ட, ரெண்டும் 19ஆம் கோபுரத்துக்குக் கீழ முட்டிக்கிச்சு. அகழாய்வுல அங்க சுமார் 20 ரோம வீரர்களோட எலும்பு குவியலா, கொஞ்சம் தள்ளி சங்கிலிக் கவசத்தோட தனியா ஒரு பாரசீக வீரன். பாரசீகர்கள் தாரும் கந்தகமும் எரிச்சு புகை போட்டுத்தான் ரோமரைக் கொன்னாங்கன்னு சைமன் ஜேம்ஸ்ங்கிற தொல்லியல் ஆய்வாளர் 2009ல வாதம் வச்சார். அதே ஆள் 1986லயே வேற ஒண்ணு எழுதியிருந்தார், அதுதான் நமக்கு முக்கியம். அந்தப் பாரசீக வீரன்கிட்ட கிடந்த ஹெல்மெட் ரெண்டு பாதியா அடிச்சு நடு உச்சியில முகடு வச்சுச் சேர்த்தது, அரை நூற்றாண்டு கழிச்சு ரோமப் படையில திடீர்னு எல்லார் தலையிலயும் அதே ஐடியா. ஒரே இரும்பை அடிச்சு அடிச்சு கிண்ணமாக்குறதைவிட இது சுலபம், அரசாங்க ஆயுதப் பட்டறைகள்ல வரிசையா அடிச்சுத் தள்ளலாம். சண்டையில எதிரிகிட்ட பார்த்ததை எடுத்துக்கிட்டாங்க, அதுல கூச்சமே படல.

1910ல நெதர்லாந்துல டூர்னேங்கிற இடத்துல சதுப்பு நிலத்துல கரி வெட்டினவர் ஒருத்தருக்கு இந்த வகை ஹெல்மெட்டோட வெள்ளி உறை கிடைச்சுது, பொன்முலாம் பூசினது, படைப்பிரிவு பேர்கூட லத்தீன்ல கீறியிருக்கு. முழுக்க முழுக்க ரோமன். ஆனா வடிவம் பாரசீகம், போட்டுக்கிட்டவன் எந்த ஊர்க்காரனோ.

அந்தக் காலத்து ரோமப் படையில யார் ரோமன்னு கேட்டா ரோமருக்கே தலை சுத்தும். அம்மியானஸ்னு அந்தப் படையிலயே இருந்த வரலாற்று ஆசிரியர் ஒரு சம்பவம் எழுதியிருக்கார், 360ல பாரிஸ்ல வீரர்கள் தங்களோட தளபதி ஜூலியனைப் பேரரசரா அறிவிக்கிறாங்க. எப்படி? கேடயத்து மேல தூக்கி நிறுத்தி, அது ஜெர்மானிய வழக்கம். கிரீடம் வேணுமே, இல்ல. உங்க சம்சாரத்தோட கழுத்து நகையைக் கொடுங்கன்னு கேக்கிறாங்க, அபசகுனம்னு மறுத்துட்டார். குதிரை அலங்காரத்துல ஏதாவது எடுக்கலாமான்னாங்க, அதுவும் வேணாம்னுட்டார். கடைசியில ஒரு கொடிக்காரன் தன் கழுத்துல கிடந்த முறுக்கு வளையத்தைக் கழட்டி மன்னர் தலையில வச்சான். அந்த முறுக்கு வளையம் ஆதியில கெல்ட் ஆளுங்க போட்டது, ரோமர் அதை வீரப் பதக்கமா எடுத்துக்கிட்டாங்க. தூக்கின முறை ஜெர்மானியம், தலையில கெல்டிக் வளையம், ஆள் கிரேக்கத் தத்துவம் படிச்சவர், பட்டம் ரோமப் பேரரசர்.

இதெல்லாம் ஆடம்பரப் பொருள், வணிகத்துல வந்திருக்கும், கொள்ளையில வந்திருக்கும், ரத்தம்னு ஒண்ணு இருக்குல்லன்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தார். அவருக்குத்தான் இது. தெற்கு ஜெர்மனில நீடர்ஸ்டோட்சிங்கன்னு ஒரு ஊர், 1962ல அங்க 7ஆம் நூற்றாண்டு தொடக்கத்து அலமானிங்கிற ஜெர்மானிய இனத்துப் புதைகுழிகள் கிடைச்சுது, 13 பேர், வாள், குதிரைச் சேணம், சின்னச் சின்ன இரும்புத் தகடுகளை வாரால கோத்துக் கட்டின கிழக்கத்திய பாணி ஹெல்மெட், கவசம் எல்லாம். பழைய ஆளுங்க முறைப்படி பார்த்தா இவன் ஃப்ராங்க், இவன் லாம்பார்டு, இவன் கிழக்கே இருந்து வந்தவன்னு சாமானைப் பார்த்தே சீட்டு ஒட்டிடலாம். 2018ல டி.என்.ஏ. ஆய்வு வெளியாச்சு. நல்லா மரபணு கிடைச்ச எட்டுப் பேர்ல அஞ்சு பேர் நெருங்கின ரத்த சொந்தம். அந்த அஞ்சு பேர் கூடப் புதைச்ச சாமான் மூணு வெவ்வேறு கலாச்சாரத்தைச் சேர்ந்தது! ஒரே குடும்பம், ஒருத்தர் ஃப்ராங்க் பாணி, ஒருத்தர் லாம்பார்டு பாணி, ஒருத்தர் பைசாண்டிய (கிழக்கு ரோமப் பேரரசு) பாணி. சொந்தம் இல்லாத மூணு பேர்ல ரெண்டு பேர் தெற்கு ஐரோப்பியச் சாயல், அவங்களையும் அதே இடத்துலதான் புதைச்சிருக்காங்க.

குஸ்டாஃப் கொஸின்னான்னு ஒரு ஜெர்மன் தொல்லியல் ஆய்வாளர் 1911ல, பொருள் பரவின எல்லையும் இனத்தோட எல்லையும் ஒண்ணுன்னு சட்டம் மாதிரி எழுதி வச்சார், நாஜிக்கள் அதை எதுக்குப் பயன்படுத்துனாங்கன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. இந்த 13 பேரை அவர்கிட்ட கொண்டுபோய் நிறுத்தியிருக்கணும்.

அதுக்காக கவசத்துல அடையாளமே இல்லைன்னு நான் சொல்லல. இருக்கு, நிறையவே இருக்கு, ஆனா அது பொறந்த இனத்தைச் சொல்லல, போட்டுக்கிட்டவர் தன்னை யாராக் காட்டிக்க ஆசைப்பட்டார்ங்கிறதைச் சொல்லுது. 1848ல டெர்பிஷைர்ல பென்டி கிரேஞ்சுங்கிற இடத்துல தாமஸ் பேட்மேன் தோண்டி எடுத்த 7ஆம் நூற்றாண்டு ஹெல்மெட்டைப் பாருங்க, உச்சியில காட்டுப்பன்றி நிக்குது, மூக்குத்தகட்டுல வெள்ளிச் சிலுவை. பரீட்சைக்கு முன்னாடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுட்டு வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துக்கிட்ட எங்க கிளாஸ்மேட் ஒருத்தன்தான் ஞாபகத்துக்கு வந்தான். பன்றிச் சின்னத்தைப் போட்டுக்கிட்டா போர்ல காப்பாத்தும்னு நம்புற பால்டிக் கரை ஜனத்தைப் பத்தி ரோம வரலாற்று ஆசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98லயே எழுதிட்டார். பியோவுல்ஃப் எழுதினவனோ கிறிஸ்தவன், பன்றியைப் பத்தி ஆசை ஆசையா வர்ணிக்கிறான். செத்துப்போன முன்னோர் வேற சாமி கும்பிட்டவங்க, ஆனா அவங்க பெருமை தனக்கு வேணும். அந்தத் தவிப்புதான் அந்தக் கவிதையில இருக்கிற அடையாளம்னு எனக்குத் தோணுது, கைடுல இருந்த தேசியக் காவியம் இல்ல.

இன்னொரு ஹெல்மெட், யார்க் நகரத்துல 1982ல காப்பர்கேட் பகுதியில கட்டட வேலைக்குத் தோண்டுறப்போ இயந்திரத்துல இடிபட்டு வெளிய வந்தது, 8ஆம் நூற்றாண்டு. உச்சியில பித்தளைப் பட்டையில லத்தீன்ல ஒரு ஜெபம், நம் ஆண்டவர் இயேசுவின் பேரால்னு ஆரம்பிக்குது, அதுக்கு நடுவுல ஒரு பேர்: ஓஷெரே. பேரு சுத்தமான ஆங்கிலியப் பேரு, யாருன்னு வேற எங்கயும் தகவல் இல்ல. இதையெல்லாம் நேர்ல பார்க்கணும்னா இது யார்க்ஷைர் மியூசியத்துல இருக்கு, பன்றி ஹெல்மெட் ஷெஃபீல்டுல. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு டிக்கெட் கிடையாது, 41ஆம் அறையில அசல் பக்கத்துலயே பளபளன்னு புதுசா செஞ்ச நகலும் வச்சிருப்பாங்க, நான் போன அன்னிக்குக் கூட்டம் பூரா நகல்கிட்டதான் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்துச்சு, துருப்பிடிச்ச அசல் முன்னாடி நின்னு பார்க்கத் தாராளமா இடம் இருந்துச்சு.