ஒழுகாத கூரைக்கு ஆய்வாளர் எதற்கு?

அன்புள்ள தம்பிக்கு,

1998இல் கட்டப்பட்ட வீடொன்றைச் சென்ற இலையுதிர் காலத்தில் இங்கே கனடாவின் ஏஜாக்ஸ் நகரில் வாங்கியதாகவும், காப்புறுதி நிறுவனம் கூரையின் வயதைக் கேட்டபோது உங்களால் பதில் சொல்ல முடியாமற் போனதாகவும் எழுதியிருந்தீர்கள். கூரை எங்கும் ஒழுகவில்லை, ஆகவே நானூறு டொலர் கொடுத்து ஆய்வாளரைக் கூப்பிடுவது வீண் செலவு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கதவைத் தட்டி வந்த ஒருவரோ இலவசமாகவே ஏறிப் பார்த்துத் தருகிறேன் என்கிறார். இதில் எதைச் செய்வது என்பது உங்கள் கேள்வி. காசு கொடுத்து, கூரைத் தொழில் தெரிந்த ஆய்வாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் சொல்வதையே நானும் சில வருடங்கள் நம்பியிருந்தேன்.

ஊரில் நாங்கள் கூரையை அறிந்த விதம் வேறு. ஐப்பசி மழைக்கு முன்னர் அப்பா ஏணி வைத்து ஏறி, வெடித்த ஓடுகளைக் கழற்றிப் புது ஓடுகளைச் செருகுவார். ஒன்று விடுபட்டிருந்தால் முதல் மழையிலேயே நடுவீட்டில் சொட்டு விழும். கீழே வாளியை வைத்துவிட்டு, காலையில் அண்ணாந்து பார்த்தால் எந்த ஓட்டின் இடுக்கால் வெளிச்சம் வருகிறது என்பது தெரிந்துவிடும். ஓட்டுக்கும் எங்களுக்கும் இடையில் கைமரத்தையும் சலாகையையும் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. அந்தக் கூரை தன் குறையை அன்றைக்கே சொல்லிவிடும்.

இங்குள்ள வீட்டில் உங்கள் தலைக்கு மேலே ஏழெட்டு அடுக்குகள் இருக்கின்றன. மேலே ஷிங்கிள் என்னும் தார் ஊட்டிய மெல்லிய கூரை வில்லைகள், அதற்குக் கீழே தடித்த கடதாசி போன்ற விரிப்பு, பிறகு பிளைவுட் அல்லது மரச்சீவல்களை அழுத்திச் செய்த பலகை, அதன் கீழே அட்டிக் என்னும் இருண்ட வெளி, அதன் தரையில் ஓரடி தடிப்புக்கு, வீட்டின் சூட்டை வெளியே விடாமல் காக்கும் இன்சுலேஷன் பஞ்சு, அதற்கும் கீழே பிளாஸ்டிக் தாள், கடைசியாகத்தான் உங்கள் படுக்கையறையின் சீலிங். ஷிங்கிள் விரிசலால் இறங்கும் தண்ணீர் பலகையை நனைத்து, மரச்சட்டத்தின் சரிவைப் பிடித்துப் பல அடி தள்ளி ஓடி, பஞ்சில் ஊறி அங்கேயே நின்றுவிடும். வெயிலுக்குக் கொஞ்சம் காயும்; அடுத்த மழைக்கு மறுபடி ஊறும். இப்படிச் சில வருடங்கள் போன பிறகே கீழே ஒரு கறை தெரியும். ஊரில் ஒழுக்கு என்பது பழுதின் முதல் அடையாளம். இங்கே பெரும்பாலும் அதுதான் கடைசி அடையாளம். உங்கள் நண்பர்களுடைய கணக்கு பிழைக்கும் இடம் இதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் ஸ்காபரோவில் முதல் வீட்டை வாங்கி ஐந்தாவது குளிர்காலம் அது. கடுங்குளிர் சில நாட்கள் நின்று பிறகு வெயில் எறித்த ஒரு நாளில், மகளின் அறைச் சீலிங்கில் தேநீர்க் கோப்பையை வைத்து எடுத்தாற்போல மண்ணிற வளையம் ஒன்றைக் கண்டோம். மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. கூரை போடும் நிறுவனம் ஒன்றைக் கூப்பிட்டேன். வந்தவர் வீட்டின் முன்னால் நின்று பத்து நிமிடம் மேலே பார்த்துவிட்டு, ஷிங்கிள் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார். அந்த வாரமே ஒப்பமிட்டால் விலையில் கழிவு தருவதாகவும் சொன்னார். நான் ஒப்பமிடும் மனநிலையில்தான் இருந்தேன். கூரை விற்காத ஒருவரிடம் முதலில் காட்டுவோம் என்று சொன்னவர் என் மனைவி.

ஆய்வாளர் மறுபடியும் குளிர் இறங்கியிருந்த ஒரு காலையில் வந்தார். முதலில் அலமாரிக்குள் இருந்த சிறு மூடியைத் திறந்து அட்டிக்கினுள் ஏறினார்; சிறிது நேரத்தில் என்னையும் ஏணியில் ஏறித் தலையை நீட்டிப் பார்க்கச் சொன்னார். டோர்ச் வெளிச்சத்தில் நான் கண்டதை இன்றும் மறக்கவில்லை. பலகையின் உட்புறத்தில் ஷிங்கிள் ஆணிகளின் நுனிகள் நூற்றுக்கணக்கில் நீட்டிக்கொண்டு நின்றன, ஒவ்வொரு நுனியிலும் உறைபனி வெள்ளை மிளகு போல உருண்டிருந்தது. குளியலறைக் காற்றாடியிலிருந்து கூரைக்கு வெளியே போயிருக்க வேண்டிய குழாய், இடையில் கழன்று பஞ்சின் மேல் கிடந்தது. ஐந்து பேர் நாள்தோறும் சுடுதண்ணீரில் குளித்த ஆவி முழுவதும் அங்கேதான் போய்க் குளிர்ந்த ஆணிகளில் உறைந்திருக்கிறது. வெயில் ஏறிய நாளில் அது உருகி மகளின் அறைக்கு மேலே சொட்டியிருக்கிறது. காற்றாடிக்கு நேர் மேலே இருந்த பலகை கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஆய்வாளர் திருப்புளியை வைத்து அழுத்தியபோது, ஊறிய பாணுக்குள் இறங்குவது போல அது உள்ளே இறங்கியது.

ஷிங்கிள்களுக்கு இன்னும் ஏழெட்டு வருட ஆயுள் இருக்கிறது என்று அவர் எழுதித் தந்தார், அவை அவ்வளவு காலம் உழைக்கவும் செய்தன. குழாயை ஒழுங்காக வெளியே எடுத்துவிட்டு, உளுத்த பலகை இரண்டை மாற்றுவதோடு வேலை முடிந்தது. அன்று அவசரப்பட்டு ஒப்பமிட்டிருந்தால், பல ஆயிரம் டொலர் போட்ட புதுக் கூரைக்குக் கீழேயும் அதே குழாய் அதே ஆவியைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கும்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கூரையை ஒருமுறையும் மாற்றியிருக்காவிட்டால் அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, ஏனென்றால் அக்காலத்தில் போட்ட சாதாரண ஷிங்கிள் இந்தக் காலநிலையில் இருபது வருடம் நின்றாலே நல்லது. இடையில் மாற்றியிருந்தால், எப்போது மாற்றினார்கள், பழையதைக் கழற்றிவிட்டுப் போட்டார்களா அல்லது அதன் மேலேயே இன்னோர் அடுக்கை அடித்தார்களா என்பது தெரிய வேண்டும். அடுக்கின் மேல் அடுக்காக அடித்தால் கீழே இருந்த பலகையின் நிலையை எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய ஷிங்கிளை எடுத்துப் புதிது போடுவதற்குப் பெரும்பாலும் நகரசபையின் அனுமதி தேவைப்படுவதில்லை என்பதால், இதை அங்கே கேட்டு அறிவதும் கடினம். கூரையின் விளிம்பில் ஷிங்கிளின் ஓரத்தைச் சற்று உயர்த்திப் பார்த்தே ஆய்வாளர் சொல்லிவிடுவார்.

வீடு வாங்கும்போது பொது ஆய்வு செய்தோமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த அறிக்கையை எடுத்துக் கூரை பற்றிய பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். பல அறிக்கைகளில், கூரை தரையிலிருந்து மட்டும் பார்க்கப்பட்டது என்றோ, பனி மூடியிருந்ததால் பார்க்க முடியவில்லை என்றோ ஒரு வரி இருக்கும். 2021இலும் 2022 தொடக்கத்திலும் வீட்டுக்கு வீடு போட்டி போட்டு விலை ஏறிய காலத்தில், ஆய்வு செய்த பின்னரே வாங்குவோம் என்ற நிபந்தனையே இல்லாமல் வாங்கிய நம்மவர்கள் பலர். அவர்களுக்கு அந்த ஒரு வரிகூடக் கிடையாது.

கூரை கெடத் தொடங்குவது அனேகமாக ஷிங்கிளின் நடுவிலல்ல, ஒன்றோடு இன்னொன்று சேரும் இடங்களில். புகைபோக்கியைச் சுற்றியுள்ள தகடு, இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளம், மேல்மாடிச் சுவரோடு கீழ்க்கூரை முட்டும் மூலை, மலசலகூடக் குழாயின் காற்றுப்போக்கி கூரையைத் துளைத்து வெளியே வரும் இடம் ஆகியவற்றை ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அந்தக் காற்றுப்போக்கியின் கழுத்தில் ஒரு றப்பர் பட்டி இருக்கும். ஷிங்கிளுக்கு இன்னும் பாதி ஆயுள் இருக்கும்போதே அது வெயிலில் வெடித்துவிடும். அதை மாற்றுவது அரை நாள் வேலைகூட இல்லை. மாற்றாமல் விட்டால் குழாயைப் பிடித்தபடி தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கும்.

காற்றோட்டம் அதைவிட முக்கியம். கூரை விளிம்பின் அடிப்பக்கத் துளைகளால் குளிர்காற்று உள்ளே வந்து, மேலேயுள்ள காற்றுத் துளைகளால் வெளியேற வேண்டும். இன்சுலேஷன் போட்ட சீலிங் பரப்பில் முந்நூறில் ஒரு பங்காவது சாதாரணச் சரிவுக் கூரைக்குத் திறந்த துளையாக இருக்க வேண்டும் என்பது கட்டடச் சட்டவிதி. பின்னாளில் மேலதிகமாகப் பஞ்சு ஊதியவர்கள் விளிம்புத் துளைகளை அடைத்துவிட்டுப் போவதைப் பல வீடுகளில் காணலாம். அப்போது அட்டிக் சூடாகிறது. கூரை மேல் கிடக்கும் பனி அடியிலிருந்து உருகி வழிகிறது. வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து ஓர் அணையாகக் கட்டிவிடுகிறது. பின்னால் வரும் தண்ணீர் அந்த அணையில் தேங்கி, ஷிங்கிளுக்கு அடியால் மேல்நோக்கி ஏறுகிறது. இதைத் தடுக்கவே விளிம்பிலிருந்து மேல்நோக்கிக் குறைந்தது 900 மில்லிமீற்றரும், வெளிச்சுவரின் உட்பக்கத்தைக் குறைந்தது 300 மில்லிமீற்றர் தாண்டியும் ஷிங்கிளுக்கு அடியில் பாதுகாப்பு விரிப்புப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. மாசி மாதத்தில் உங்கள் பீலிகளில் தடித்த பனிக்கட்டி ஈட்டிகள் தொங்கினவா என்பதை நினைவுபடுத்திப் பார்த்து, ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். 2022 மே 21ஆம் திகதி தென் ஒன்ராறியோவைக் கடந்த பெரும் புயலில் அக்ஸ்பிரிட்ஜ் ஊர் பட்ட பாட்டை இப்பகுதியில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட காற்று ஷிங்கிளைப் பிய்த்தெறிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஷிங்கிளைத் தூக்கி, அதன் அடியிலுள்ள பசையை விடுவித்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் படுக்கவைத்துவிட்டுப் போனால் தரையில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. கையால் மெதுவாகத் தூக்கிப் பார்ப்பவரே அதை அறிவார்.

காப்புறுதி விடயத்தில் நீங்கள் கவலைப்படுவது நியாயமானது. வீட்டுக் காப்புறுதி பொதுவாகத் திடீரென நேரும் சேதத்துக்கே பணம் தரும். காலப்போக்கில் தேய்ந்ததற்கும், பராமரிக்காமல் விட்டதற்கும் தராது. வயதான கூரைக்குப் புதுக் கூரையின் விலையைக் கொடுக்காமல், தேய்மானம் கழித்துக் கொடுக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. திகதியும் படங்களும் உள்ள அறிக்கை கையில் இருந்தால், அடுத்த புயலுக்கு முன்னர் கூரை எந்த நிலையில் இருந்தது என்பதற்கு உங்களிடம் சான்று இருக்கும்.

இலவசமாகப் பார்த்துத் தருவதாகச் சொன்னவர் நேர்மையானவராகவும் இருக்கலாம். ஆனால் அவருடைய வருமானம் கூரை மாற்றுவதில்தான் இருக்கிறது. அவரைத் தனியே கூரையில் ஏறவிடாதீர்கள். வாசலில் வைத்து எதிலும் ஒப்பமிடாதீர்கள். யாராவது ஏற்கெனவே ஒப்பமிட்டிருந்தால், வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தை, அதன் பிரதி கைக்கு வந்து பத்து நாட்களுக்குள், காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யும் உரிமை ஒன்ராறியோ நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய மதிப்பீட்டுக்கு மேல் பத்து வீதத்துக்கு அதிகமாக அறவிடவும் சட்டம் இடம் தராது, நீங்களாகப் புதிய வேலையைச் சேர்த்தாலொழிய.

ஆய்வாளரை அமர்த்தும்போது, கூரை திருத்தும் வேலையைத் தானே எடுத்துச் செய்பவரா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்பவரைத் தெரிவுசெய்யுங்கள். அட்டிக்கினுள் ஏறுவாரா என்பது அடுத்த கேள்வி. ஏற மாட்டேன் என்பவருக்கு நானூறு டொலர் கொடுக்க வேண்டியதில்லை. பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா என்றும், படங்களோடு எழுத்தில் அறிக்கை தருவாரா, எஞ்சிய ஆயுளையும் திருத்த வேண்டியவற்றின் அவசர வரிசையையும் எழுதுவாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பனி முற்றாகக் கரைந்த சித்திரை, வைகாசி நல்ல காலம். தவறினால் இலை கொட்டி முடிந்ததும், முதல் பனிக்கு முன்னர்.

அப்பா ஏறினாரே என்று நீங்கள் ஏறிவிட வேண்டாம். இந்தச் சரிவுகளில் காலை ஈரம் போதும், கால் வழுக்கிவிடும். இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவது வேறு விடயம். தரையில் நின்றபடி செய்யக்கூடியது இருக்கிறது: பீலிக் குழாய் தண்ணீர் விடும் இடத்தில் கறுப்பு மணல் போன்ற துகள் குவிந்திருக்கிறதா, ஷிங்கிள்களின் மூலைகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தத் துகள்தான் ஷிங்கிளை வெயிலிலிருந்து காக்கும் கவசம்.

உங்கள் மைத்துனர் பிக்கரிங்கில் புதிதாகக் கட்டிய வீடு எடுத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். புது வீட்டுக்கு, டேரியன் என்னும் ஒன்ராறியோவின் புதுவீட்டு உத்தரவாதத்தில் தண்ணீர் உட்புகுதலுக்கு இரண்டு வருடமே காலம். அது முடிவதற்குச் சில மாதங்கள் முன்னரே அவரும் கூரையைப் பார்ப்பித்து, குறை இருந்தால் எழுத்தில் அறிவிக்கட்டும்.

அட்டிக் மூடி அனேகமாக உங்கள் மேல்மாடி அறையொன்றின் அலமாரிக்குள் இருக்கும். ஆய்வாளர் வருவதற்கு முன்தினம் அதன் கீழேயுள்ள உடுப்புகளை எடுத்து, கட்டிலுக்கும் ஒரு துணி போட்டுவிடுங்கள், பஞ்சு கொட்டும். அவர் மேலே இருக்கும்போது நீங்களும் ஏணியில் நின்று பார்க்கத் தவறாதீர்கள். அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்பினால், இருவரும் சேர்ந்து வாசித்து, எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்போம்.