ஜன்னல் கம்பி இருக்கையில் ஸ்டாண்டு எதற்கு?

கேள்வி: மாமனார் வைத்திருந்த மடக்குச் சவரக்கத்தி ஒன்று பரணில் கிடைத்தது. அலகு பிடியோடு சேரும் இடத்தில் 'சோலிங்கன்' என்று பொறித்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துச் சாணை பிடித்து வாங்கிவிட்டேன். தினமும் சவரத்துக்கு முன் தோல் வாரில் தீட்ட வேண்டும் என்றார். வார் வாங்கலாம் என்று ஆன்லைனில் பார்த்தால், அதை மாட்டுவதற்கே நாலு விதமான ஸ்டாண்டு விற்கிறார்கள். சுவரில் திருகுவது, மேசை விளிம்பில் இறுக்குவது, ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொள்வது, வாரை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டம். சில ஸ்டாண்டுகள் வாரைவிட விலை அதிகம். இருப்பது வாடகை வீடு. சுவரில் துளை போட்டால் வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார். எதை வாங்குவது?
— கோவை வாசகர்

பதில்: பணத்தை எடுப்பதற்கு முன் ஜன்னல் பக்கம் போய் நின்று பாருங்கள். நம் ஊரில் ஜன்னலுக்குக் கம்பி வைக்காத வீடு அபூர்வம். உங்கள் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு குறுக்குக் கம்பி வருகிறதா? வந்தால் ஸ்டாண்டு வேலை முடிந்தது. ஹார்டுவேர் கடையில் நாய்ச் சங்கிலி முனையில் இருக்குமே, வாய் மூடிக்கொள்ளும் கொக்கி, அடியில் சுழலக்கூடியது, அதில் ஒன்று வாங்குங்கள். கெட்டியான நைலான் கயிற்றைக் குறுக்குக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதில் கொக்கியை மாட்டி, கொக்கியில் வாரின் வளையத்தைக் கோத்துவிடுங்கள். நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். நிமிர்ந்த கம்பியில் கட்டினால் இழுக்க இழுக்கக் கயிறு கீழே வழுக்கும். அதனால்தான் குறுக்குக் கம்பி என்கிறேன். 'எஸ்' வடிவக் கொக்கியும் வேண்டாம், கை தளர்ந்த நொடியில் கழன்று விழும்.

இவ்வளவு எளிய சமாசாரத்துக்கு ஏன் இத்தனை ஸ்டாண்டு என்று தோன்றலாம். விஷயம் மாட்டும் பொருளில் இல்லை, வார் எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதில் இருக்கிறது. தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னால் போகும், வெட்டும் வாய் பின்னால் வரும். வார் தொய்ந்து கிடந்தால் அலகின் கனத்தில் தோல் பள்ளமாகி, வாய் கடந்துபோகும் இடத்தில் மேலெழுந்து வாயைத் தழுவிக்கொள்ளும். ஒவ்வொரு இழுப்பிலும் முனை கொஞ்சம் கொஞ்சமாக உருண்டுவிடும். பத்துப் பதினைந்து நாளில் கத்தி முடியைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும். நாம் கத்தியைக் குறை சொல்வோம், சாணை பிடித்தவரைக் குறை சொல்வோம். அதற்காக மத்தளத் தோல் மாதிரி முறுக்கி இழுக்கவும் வேண்டாம். தொய்வு தெரியாத அளவு போதும். அந்த விறைப்பைக் கொடுப்பது உங்கள் இடது கை. எதிர்முனையில் இருக்கும் கொக்கி செய்ய வேண்டியது அசையாமல் நிற்பதும், வார் முறுக்கிக்கொள்ளாமல் தானே சுழன்று கொடுப்பதும்தான். இதற்கு எதற்கு ஆயிரக்கணக்கில் பணம்?

நீங்கள் சொன்ன நாலில் ரப்பர் கிண்ணத்தை முதலில் தள்ளிவிடுங்கள். வழவழப்பான டைல்ஸிலும் கண்ணாடியிலும் அது நன்றாகத்தான் ஒட்டும். ஆனால் காற்று மெல்ல உள்ளே கசிந்து, எப்போது விடும் என்று சொல்லாமல் விடும். துண்டு மாட்டியிருந்தால் துண்டு விழும், அவ்வளவுதான். இங்கே ஒரு கையில் வாரை இழுத்துக்கொண்டு மறு கையில் திறந்த சவரக்கத்தியோடு நிற்கிறீர்கள். விட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

கதவுக் கைப்பிடியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் பண்ணிய முட்டாள்தனம் அது. குளியலறைக் கதவின் கைப்பிடியில் மாட்டித் தீட்டிக்கொண்டிருந்தேன். பையன் அந்தப் பக்கத்திலிருந்து கதவைத் தள்ளினான். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. புது வாரின் நட்டநடுவே அரை அங்குல வெட்டு. இன்னும் அந்த வார்தான் இருக்கிறது, வெட்டுக்கு மேலே உள்ள பாதியை மட்டும் பயன்படுத்துகிறேன். போதாததற்குக் குளியலறை ஈரத்தில் மழைக்காலம் வந்தால் தோல் பூசணம் பிடிக்கும். ஜன்னல் என்றதில் எனக்கு இன்னொரு திருப்தி, அங்கே காற்றும் வெளிச்சமும் இருக்கிறது.

மேசையில் இறுக்கும் கிளாம்ப் மோசமில்லை. சமையலறைக் கிரானைட் மேடையில் மாட்டுவதானால் வாய் எவ்வளவு விரியும் என்று விளம்பரத்தில் பாருங்கள். கிரானைட் பலகையே சுமார் 18, 20 மில்லிமீட்டர் இருக்கும். முன்விளிம்பில் இன்னொரு பட்டை ஒட்டி உருட்டியிருந்தால் இரட்டிப்பாகிவிடும். உருண்ட விளிம்பில் ரப்பர் அட்டை இல்லாத கிளாம்ப் நிற்காது. மேடை உயரம் கொஞ்சம் தாழ்வு என்பதால் முதுகை வளைத்துக்கொண்டு தீட்ட வேண்டிவரும். தினமும் செய்வதற்கு அது தொந்தரவு.

மரச்சட்டம் வேறு ஜாதி. வளையமாகத் தைத்த தோலைச் சட்டத்தில் சுற்றி, கைப்பிடிக்குள் ஒரு மரைத்தண்டு வைத்திருப்பார்கள். பிடியைத் திருகினால் சட்டம் நீண்டு தோல் விறைக்கும். சுவரும் வேண்டாம் கொக்கியும் வேண்டாம், மடியில் வைத்தே தீட்டலாம். இழுக்கும் கை பழகாதவர்களுக்கு இது உண்மையிலேயே உதவி. குறை, தீட்டும் நீளம் தொங்கும் வாரில் பாதிதான் கிடைக்கும். அதிகமாக ஊர் சுற்றுகிறவர் என்றால் வாங்கலாம். வாங்கினால் மூன்று கேள்வி கேளுங்கள்: மரைத்தண்டு பித்தளையா இரும்பா, தோல் வளையம் தனியாகக் கிடைக்குமா, சட்டம் என்ன மரம். தோல் தேய்ந்தபின் மாற்று வளையம் கிடைக்காத சட்டம் வெறும் விறகு. பயன்படுத்திய பிறகு திருகைத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் தோல் நீண்டுபோகும்.

சொந்த வீடாக இருந்திருந்தால் சுவரில் பிளாஸ்டிக் பிளக் போட்டு ஒரு வளையத் திருகாணியை முடுக்கச் சொல்லியிருப்பேன். பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கல் வரை துளை போக வேண்டும். அதே வளையத்தைச் சவரக்கத்திக்கான ஸ்டாண்டு என்று பெட்டியில் போட்டு விற்றால் விலை பத்து மடங்கு. மரநிலை இருக்கிற வீட்டில் நிலையிலேயே திருகிவிடலாம். காலி செய்யும்போது மரப்பொடியும் பசையும் குழைத்துத் துளையை அடைத்தால் தெரியாது. ஆனாலும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், அந்தக் கத்தியைப் பத்திரமாக வையுங்கள். சோலிங்கன் என்பது கம்பெனிப் பெயர் இல்லை, கத்திகளுக்குப் பேர்போன ஜெர்மன் ஊர். கண்டவர்களெல்லாம் அந்த ஊர்ப்பெயரைப் பொறிக்கக் கூடாது என்று 1938-லேயே அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள்.

கேள்வி: 'ஜெனுயின் லெதர்' என்று போட்டிருக்கும் வார் எல்லாம் நல்ல தோல்தானா? நம் பக்கமே தோல் ஊர். உள்ளூரில் வாங்க முடியாதா?
— ஈரோடு வாசகர்

பதில்: தாராளமாக முடியும், நீங்கள் இருக்கும் ஊரிலேயே முடியும். 'ஜெனுயின் லெதர்' என்ற எழுத்து, அது பிளாஸ்டிக் இல்லை என்பதைத் தாண்டி அதிகம் சொல்வதில்லை. தோலை இரண்டாகப் பிளந்து, மேல்பக்கத்தைக் காலணிக்கு அனுப்பிவிட்டு, அடிப்பக்கத்துக்கு வண்ணம் பூசி வழவழப்பாக்கினாலும் அதே பெயர்தான். வாருக்கு வேண்டியது மேல்பக்கம் முழுசாக இருக்கும் தோல், அதிலும் மரப்பட்டைச் சாறில் பதனிட்டது.

இதில் நமக்குப் பழைய கை உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட நம் தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் கப்பலேறிப் போனது. இப்போது பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு. இந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஈரோடு, திண்டுக்கல், திருச்சிப் பக்கம் பட்டைப் பதனீடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் பெரியமேட்டுத் தோல் கடைகளில் விசாரிக்கலாம். முதுகுப் பகுதித் தோலில் இரண்டடி நீளம், மூன்றங்குல அகலம், மூன்று மில்லிமீட்டர் தடிமன் என்று கேளுங்கள். வயிற்றுப் பகுதித் தோல் ரப்பர் மாதிரி இழுபடும், வேண்டாம். கையால் தடவிப் பார்த்தால் தழும்போ ஈ கடித்த குழியோ தட்டுப்படக் கூடாது. ஒரு முனையில் டி வளையம் வைத்துத் தைக்கச் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். தையல், ரிவிட்டு எல்லாம் முனையோடு நிற்கட்டும். கத்தி ஓடும் இடத்தில் ஒரு ஆணித்தலை இருந்தாலும் வாய் போச்சு.

பச்சை மெழுகு ஒன்று கூடவே விற்பார்கள். அது குரோமியம் ஆக்சைடு, தேய்க்கும் பொருள். தினமும் தீட்டும் தோலில் அதைப் பூசிவிடாதீர்கள். பழைய கேன்வாஸ் பட்டை ஒன்றில் தனியாகப் பூசிக்கொண்டு எப்போதாவது தொட்டால் போதும்.

கேள்வி: துருப்பிடிக்காத ஸ்டீல் என்று போட்டிருந்த சுவர் ஸ்டாண்டை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டே மாதத்தில் துரு. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. கேட்டால், ஏழு நாள் 'ரிட்டர்ன்' காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
— தூத்துக்குடி வாசகர்

பதில்: முடியும். ஏழு நாள் என்பது கடை தானாகப் போட்டுக்கொண்ட கணக்கு. சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் அந்தக் கணக்கு உங்களைக் கட்டாது. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகளிலேயே இருக்கிறது. அதே விதிகளின்படி தளத்தில் குறைதீர் அலுவலர் பெயர் இருக்க வேண்டும். உங்கள் புகார் கிடைத்ததாக அவர் 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

உடனே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் 'ஸ்டீல்' என்ற சொல்லை எடுத்துவிடுவதற்கு முன். பில், துருவின் படம், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு மூன்றையும் சேர்த்துக் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சின்னத் தொகை விவகாரங்கள் பலவும் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருட அவகாசம் இருக்கிறது.

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டியது என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் ஆதாரமாகக் காட்டாதீர்கள். துருப்பிடிக்காத ஸ்டீலிலும் காந்தம் ஒட்டும் வகைகள் உண்டு, கத்திக்குப் பயன்படும் வகையே அப்படித்தான். உங்களுக்குத் துருவே சாட்சி. பளபளப்பு உரிந்து அடியில் செந்தூள் வந்திருந்தால் அது முலாம் பூசிய இரும்பு. அதை நெருக்கத்தில் படம் எடுங்கள். கடற்கரை ஊர்க் காற்று என்று அவர்கள் சமாதானம் சொல்லக்கூடும். தூத்துக்குடிக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்துதானே விற்றார்கள்?

கேள்வி: ஒரு ஸ்டாண்டில் 'வைரத் துகள் வார், பத்தே இழுப்பு, சாணையே வேண்டாம்' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
— சேலம் வாசகர்

பதில்: லண்டனில் ஜான் ஜோசப் மெக்கி என்பவர் 1830-களில் 'மாய வார்' என்று சொல்லி விற்றுப் பெரும் பணக்காரர் ஆனார். கிரிமியப் போருக்குப் பிறகு அங்கே எல்லாரும் தாடி வளர்க்க ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. அப்போதே மாயம் என்ற சொல் விற்றிருக்கிறது, இப்போது வைரம்.

வார் செய்வது சாய்ந்த முனையை நிமிர்த்துவதும் மெருகேற்றுவதும். வைரத் துகள் பூசினால் அது கொஞ்சம் எஃகைத் தேய்க்கும், உண்மைதான். ஆனால் வாய் பெயர்ந்துபோன கத்தியை அது சீர்செய்யாது. முடி எஃகைவிட 50 மடங்கு மென்மை. ஆனாலும் அது கத்தி முனையை நுணுக்கமாகப் பெயர்க்கிறது என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் காட்டினார்கள். அப்படிப் பெயர்ந்ததைச் சமப்படுத்தக் கல்தான் வேண்டும். சில மாதத்துக்கு ஒரு முறை கல், தினமும் முப்பது நாற்பது இழுப்பு வெறும் தோல். பத்து இழுப்புக் கதையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: சலூன் வைத்திருக்கிறேன். கடைக்கு அழகாக இருக்குமே என்று வாரும் ஸ்டாண்டும் வாங்க நினைக்கிறேன்.
— விருதுநகர் வாசகர்

பதில்: அழகுக்கு மாட்டுங்கள், தீட்டாதீர்கள். நீங்கள் பயன்படுத்துவது ஆளுக்கு ஒரு பாதி பிளேடு மாற்றுகிற கத்தி, அதற்கு வார் தேவையே இல்லை. ஒரே கத்தியைத் தீட்டித் தீட்டி எல்லார் முகத்திலும் வைத்த காலம் போனது நல்லதற்கே. வெட்டுக்காயம் வழியாக மஞ்சள் காமாலைக் கிருமி வரை பரவக்கூடியது. என் சின்ன வயதில் வீட்டுக்கு வந்து சவரம் செய்கிறவர் அடைப்பத்தை, அதாவது சவரச் சாமான் பையை, பிரித்து, கத்தியை எடுத்து, வாரே இல்லாமல் உள்ளங்கையிலேயே நாலு முறை தேய்ப்பார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் கைக்கு ஸ்டாண்டு தேவைப்படவில்லை.