தம்பியை நானே சேர்த்துவிடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. மனநல சிகிச்சை முடிந்து வீடு திரும்பி ஆறு மாதமாகிறது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான். ஆனால் 'நான் பேஷன்ட்தானே' என்று சொல்லி அறையை விட்டே வருவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் கல்லூரி இருக்கிறதாமே? நானே விண்ணப்பம் போட்டுச் சேர்த்துவிடலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: இருக்கிறது, சகோதரி. 'ரெக்கவரி காலேஜ்' என்பார்கள். மனநலச் சிக்கலிலிருந்து மீண்டு வாழக் கற்றுக்கொள்ளும் இடம். பரீட்சை கிடையாது, பட்டமும் கிடையாது. 2009இல் தென்மேற்கு லண்டனில் சோதனை முயற்சியாகத் தொடங்கினார்கள், 2011இல் நாட்டிங்ஹாமிலும் வந்தது. 2023இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி 28 நாடுகளில் 221 இருக்கின்றன. ஆனால் தம்பியை நீங்கள் சேர்த்துவிட முடியாது. டாக்டர் சீட்டுக்கும் அங்கே வேலையில்லை. பாடப்பட்டியலைப் பார்த்து, வேண்டியதை அவரே தேர்ந்தெடுத்து, அவரே பெயர் கொடுக்க வேண்டும். பாதி மருந்தே அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

நானும் வார்டில் படுத்து எழுந்தவன்தான். பிறகு அப்படியொரு கல்லூரியில் இரண்டு பருவம் தூக்கம் பற்றி வகுப்பு எடுத்தேன். தனியாக இல்லை, ஒரு செவிலியரும் நானும். படித்துத் தெரிந்துகொண்டவர் ஒருவர், பட்டுத் தெரிந்துகொண்டவர் ஒருவர், இருவரும் உட்கார்ந்து பாடத்தை எழுதி இருவருமே நடத்த வேண்டும் என்பது அங்கே அடிப்படை. முதல் நாள் அவர் தூக்கத்தின் கட்டங்களைப் பலகையில் அழகாக வரைந்தார். நான், 'ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவேன்' என்றேன். அதைக் குறித்துக்கொண்டவர்களில் ஒருவர் மனநல மருத்துவர். அவரும் மாணவராகத்தான் வந்திருந்தார். வருகைப் பதிவேட்டில் நோயின் பெயருக்குக் கட்டமே இல்லை.

'ராப்' (WRAP) என்ற, நலம் காக்கத் தானே எழுதிக்கொள்ளும் திட்டத்தையும் பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். தானே மனநோயோடு போராடிய மேரி எலன் கோப்லாண்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1997இல் பிறரோடு சேர்ந்து உருவாக்கியது. நன்றாக இருக்கும்போது நான் எப்படி இருப்பேன், சரியத் தொடங்கினால் முதலில் என்ன தெரியும், கைமீறிப்போனால் என் சார்பில் யார் பேசலாம், யார் கிட்டவே வரக்கூடாது என்று தெளிவாக இருக்கும் நாளிலேயே எழுதி வைப்பது. அந்தக் கடைசி வரியில் அக்கா பெயர் இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்!

மாத்திரைக்கு இதெல்லாம் மாற்றில்லை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

சரி, விண்ணப்பம் போட்டே ஆக வேண்டுமென்றால் உங்கள் பெயருக்குப் போடுங்கள். குடும்பத்தாருக்கும் அங்கே இடமுண்டு. இணையவழி வகுப்புகளும் நடக்கின்றன. தம்பியைக் கூப்பிடாதீர்கள். என் வகுப்புக்கு ஓர் அம்மா தனியாக வந்துகொண்டிருந்தார். மூன்றாவது வாரம் அவர் மகன் வந்து கதவோரமாக உட்கார்ந்தார். தோளில் கிடந்த பையைக்கூட இறக்கவில்லை. அம்மா சாப்பாட்டு மேசையில் விட்டுப்போன குறிப்பேட்டைப் படித்தாராம். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன் என்றார்.