எலுமிச்சை ஏற்றுமதிக்கு வெளிநாட்டுப் பயிற்சி தேவையா?

கேள்வி: கிள்ளிகுளத்தில் பி.எஸ்சி. விவசாயம் முடித்திருக்கிறேன். அப்பாவுக்குப் புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடை. ஐரோப்பாவுக்குக் காய் அனுப்ப ஆசை. பயிர் நோய் இடர் மதிப்பீடு பற்றிய சர்வதேசப் பயிற்சிக்குப் பணம் கட்டிச் சேர்ந்தால் ஏற்றுமதி சுலபம் என்கிறார் ஒருவர். சேரலாமா?

பதில்: ஏற்றுமதிக்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்தச் சான்றிதழைப் பார்த்து எந்தத் துறைமுகத்திலும் ஒரு பெட்டி காயைக்கூட இறக்க விடமாட்டார்கள். இடர் மதிப்பீடு என்பது வெளிநாட்டுச் சரக்கோடு பூச்சியோ நோயோ உள்ளே வந்து பயிரைக் கெடுக்குமா என்று கணிப்பது. அதைச் செய்வது வாங்குகிற நாட்டின் அரசு, விற்கிறவர் அல்ல. பூச்சி, நோயைக் காரணம் காட்டிச் சரக்கைத் தடுக்கும் நாடு அதற்கு அறிவியல் ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்கிறது 1995-இல் நடைமுறைக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் எஸ்பிஎஸ் ஒப்பந்தம். ஆப்பிள் மரத்தைத் தாக்கும் கருகல் நோய்க்குப் பயந்து 1921-இலிருந்து நியூசிலாந்து ஆப்பிளை உள்ளே விடாத ஆஸ்திரேலியா, 2010-இல் உலக வர்த்தக அமைப்பில் தோற்றது இந்த இடத்தில்தான். அவர்களுடைய மதிப்பீட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தீர்ப்பானது. சர்வதேசப் பயிற்சிகள் பெரும்பாலும் இப்படி வாதாட வேண்டிய அரசு அதிகாரிகளுக்கானவை.

ஆனால் அங்கே கேட்கக் கற்றுத்தரும் கேள்விகள் உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கிருமி காயோடு வருமா, பயணத்தில் பிழைக்குமா, அங்குள்ள மரத்தைத் தொற்றுமா, அந்தப் பருவநிலையில் பரவுமா, பரவினால் நஷ்டம் எவ்வளவு? உங்கள் சரக்கில் இவ்வளவும் வந்து விழுவது சொறி நோயின் தலையில். நம் நாட்டு எலுமிச்சை இந்த நோயை உண்டாக்கும் பாக்டீரியாவுக்குச் சட்டென்று ஆளாகும். மழையும் காற்றும் சேர்ந்தால் பரவும். இலைத்துளைப்பான் புழு போட்ட காயங்கள் வழியாக இன்னும் எளிதாக நுழையும். ஸ்பெயின், இத்தாலித் தோட்டங்களைக் காப்பாற்ற ஐரோப்பா இதில் கறாராக இருக்கிறது. காம்பும் இலையும் இருக்கக் கூடாது, காயில் சொறி அடையாளம் இருக்கக் கூடாது, தோட்டத்தில் ஆய்வு நடந்திருக்க வேண்டும், எந்தத் தோட்டத்துக் காய் என்ற தடமும் வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் கமிஷன் கடை மாட்டிக்கொள்ளும். பத்துத் தோட்டத்துக் காயை ஒன்றாகக் கொட்டித் தரம் பிரித்து கேரளாவுக்கு லாரி ஏற்றும் வழக்கம் ஐரோப்பாவுக்குச் சரிப்படாது. தெரிந்த இரண்டு, மூன்று தோட்டக்காரர்களைத் தனியாகப் பிரியுங்கள். நோய் கண்ட கிளைகளை வெட்டி எரிக்கச் சொல்லுங்கள். எப்போது என்ன மருந்து அடித்தார்கள் என்று நோட்டில் எழுத வையுங்கள். காயில் மிஞ்சும் பூச்சிமருந்தின் அளவு தனி விஷயம், அதற்கும் இந்த நோட்டு உதவும். பிறகு தூத்துக்குடி தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் பைட்டோசானிட்டரி சான்றிதழுக்கு (சரக்கைச் சோதித்து, பூச்சி, நோய் விதிகளுக்கு உட்பட்டது என்று அரசு தருவது) என்னென்ன கேட்பார்கள் என்று நேரில் விசாரியுங்கள்.

இந்த விஷயத்தில் களக்காட்டு வாழைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பழங்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சான்றிதழ் கட்டாயம். விலக்கு ஐந்துக்குத்தான்: வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன்.

அப்புறம், படிக்கவே ஆசை என்றால் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் இணையவழிக் கல்வித் தளத்தில் பூச்சி இடர் பகுப்பாய்வுப் பாடம் இலவசமாகவே இருக்கிறது. முதலில் அதை முடியுங்கள். பிடித்துப்போய் இதையே வேலையாக்க நினைத்தால் ஹைதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனத்தின் பயிற்சி அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். 1966-இல் தொடங்கிய இடம் அது. இந்தத் துறையில் வேலை தேடும்போது அதன் பெயருக்கு மதிப்பு உண்டு.

இன்னொன்று: மரப்பெட்டியில் அனுப்புவதாக இருந்தால், பலகையின் உள்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைப்பது போன்ற அங்கீகரிக்கப்பட்ட முறையில் பதப்படுத்தியதற்கான முத்திரை பெட்டியில் வேண்டும். அட்டைப்பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.